படத்துக்குப் பின்னால் எழுதிய அங்க அடையாளங்கள்

அனகாபுத்தூர்,
ஐப்பசி 24, திங்கட்கிழமை.

சிரஞ்சீவி குமரவேலுக்குத் தாய்மாமன் ஜெயவேலு ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் நானும் உன் அத்தை சந்திரிகாவும் நலம். மின்சாரம், தண்ணீர் லாரி, உன் அத்தையின் மூட்டுவலி ஆகிய மூன்றும் வழக்கம்போல் சொல்லாமல் வந்து சொல்லாமல் போகின்றன. புனேயில் உன் நலத்தையும், ஓட்டல் சாப்பாட்டில் வாடும் உன் வயிற்றின் நலத்தையும் அறிய ஆவல். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ "மாமா, மீட்டிங்" என்கிறாய். ஆகவே ஸ்பீட் போஸ்ட். கையெழுத்துப் போட்டு வாங்கினால் படித்துத்தானே ஆகவேண்டும்.

நிற்க. நம் புதுப் பூந்தோட்ட நகர் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நீ போட்டுக் கொடுத்த வெப்சைட்டில், படங்களுக்குப் பின்னால் எழுதியிருக்கும் விவரங்கள் அனைத்தையும் இக்கடிதம் கண்டவுடன் நீக்கிவிட வேண்டும். ஒரு வரிகூட மிச்சம் இருக்கக் கூடாது. இனிமேல் நோட்டீஸ்களையும் பழையபடி படமாகவே போடுவது என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது, அதற்கும் வழி செய். என் கௌரவச் செயலாளர் பதவி ராஜினாமா கடிதத்தின் நகலை உன் தகவலுக்காக இத்துடன் இணைத்திருக்கிறேன். ஏன் மாமா என்று நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

தேவானந்தம் சாரை உனக்குத் தெரியும். நான்காவது தெருவின் கடைசி வீடு, அதற்கப்புறம் ஆறுதான். வங்கியில் முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பிறவியிலேயே பார்வை கிடையாது, மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். பதினோரு வருடமாக தினமும் காலையில் நானும் அவரும் திருநீர்மலை ரோட்டில் நடக்கிறோம். என் தோளில் அவர் கை இருக்கும், வாய் இரண்டு பேருக்குமே ஓயாது. சென்ற வருட மழையில், ஏரி நிரம்பி ஆற்றில் திறந்துவிடுகிறார்கள், ஆற்றோரத் தெருக்காரர்கள் கிளம்புங்கள் என்று சங்கம் வெப்சைட்டில் நோட்டீஸ் போட்டது. போட்டது என்னவோ உண்மைதான். ஆனால் நம் ஆட்களுக்கு வெறும் எழுத்தாகப் போட்டால் மனசு ஆறாது. நான்கு மூலையிலும் ரோஜாப்பூ, மேலே தலைவர் ராஜாராமன் கைகூப்பி நிற்கும் படம், கீழே கமிட்டி மொத்தமும் பாஸ்போர்ட் சைஸில், நடுவில் மிச்சமிருந்த இடத்தில் வெள்ள எச்சரிக்கை, எல்லாம் சேர்ந்து ஒரே படம். தேவானந்தம் சாரின் போன் எழுத்தென்றால் உரக்கப் படித்துக் காட்டும். படமென்றால் அதற்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அது "படம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது. மதியம் தூங்கி எழுந்து கட்டிலிலிருந்து காலை இறக்கியிருக்கிறார், கணுக்கால்வரை தண்ணீர். எனக்குப் போன் செய்து, "ஜெயவேலு சார், ஆறு என் வீட்டுக்குள்ள வந்திருக்குது. நோட்டீஸ்ல இதைப் பத்தி ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் மகள் ஜெரூஷா கோயம்புத்தூரில் கல்லூரி ஆசிரியை. மறுநாளே வந்து, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அப்பாவை நான் கூட்டிட்டுப் போயிடுவேன் அங்கிள்" என்று என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள். தேவானந்தம் சாருக்கு அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. "இந்தத் தெருவுல எத்தனை பள்ளம், எந்த வீட்டு வாசல்ல எந்த நாய், எல்லாம் எனக்கு மனப்பாடம் சார். அறுபத்தெட்டு வயசுல கோயம்புத்தூர்ல போய் மறுபடியும் ஒண்ணாங்கிளாஸா?" என்றார்.

அதனால்தான் உன்னைப் பிடித்து வெப்சைட்டைச் சரிசெய்யச் சொன்னேன். நீயும் நன்றாகவே செய்தாய், இல்லையென்று சொல்லமாட்டேன். நோட்டீஸ் எழுத்தாக வந்தது. பார்வை மங்கியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் வந்தது. அமலராணி டீச்சரைப்போல் கை நடுங்குகிறவர்களுக்கென்று பொத்தான்கள் எல்லாம் பிஸ்கட் அளவுக்குப் பெருத்தன. கூடவே, ஒவ்வொரு படத்தை ஏற்றும்போதும் 'பட விவரம்' என்று ஒரு கட்டம் வந்தது, அதை நிரப்பினால்தான் படம் ஏறும். நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "மாமா, படத்துல என்ன இருக்கோ அதை ரெண்டு வரி எழுதுங்க. பார்க்க முடியாதவங்களுக்குப் போன் அதைப் படிச்சுக் காட்டும். மத்தவங்க யாரும் அதைப் பார்க்க மாட்டாங்க." இந்தக் கடைசி வாக்கியத்துக்காக உன்னைக் கோர்ட்டில் நிறுத்தலாம்.

நான் யார்? தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்துநான்கு வருடம் எழுத்தராக இருந்து மாற்றுச் சான்றிதழ் எழுதிய ஆள். ஒரு மனிதனை எழுத்தில் காட்டு என்றால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. அங்க அடையாளம் இரண்டு. மச்சம், தழும்பு, இரண்டும் இல்லையென்றால் கண்ணுக்குத் தெரிகிற வேறு ஏதாவது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று வேறு நீ உறுதி கொடுத்துவிட்டாயா, நான் பாட்டுக்கு உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டே போனேன்.

குடியரசு தினப் படத்துக்கு நான் எழுதியது: "கொடியேற்றுபவர் தலைவர் ராஜாராமன். அங்க அடையாளம்: (1) மேலுதட்டில் மச்சம். (2) முன்மண்டையில் முடி இல்லை, காதோரத்து முடியை வளர்த்து மேலே படுக்க வைத்திருக்கிறார். கொடி பாதியில் சிக்கி நிற்கிறது." மருத்துவ முகாம் படத்துக்கு: "டாக்டர் ஒருவர். வரிசையில் ஆறு பேர். ஆறு பேரும் கமிட்டி உறுப்பினர்கள்." கால்வாய் தூர்வாரும் படத்துக்கு: "சிட்டிபாபு, தண்ணீர் கேன் வியாபாரம். அங்க அடையாளம்: (1) வலது முழங்கையில் தழும்பு. (2) கையில் மண்வெட்டி. மண்வெட்டியில் மண் இல்லை, கடை ஸ்டிக்கர் இன்னும் பிரிக்கப்படவில்லை. கால்வாய் படத்தில் இல்லை." மேல்நிலைத் தொட்டியைக்கூட நான் விடவில்லை. "அங்க அடையாளம்: வடமேற்கு மூலையில் விரிசல்" என்று எழுதினேன்.

இதைக் கேட்டு தேவானந்தம் சார் பட்ட சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ரோட்டோரக் கல்வெர்ட்டுச் சுவரில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "ராஜாராமன் சார் குரலுக்குத் தலை நிறைய முடி இருக்கும்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன் சார்" என்றார். பிறகு, "இந்த நகர்ல எல்லா விசேஷத்துக்கும் நானும் வந்திருக்கேன். ஆனா ஆல்பத்தை இப்பத்தான் சார் பார்க்கிறேன்" என்றார். சர்வீஸில் இருந்தபோது ஆயிரக்கணக்கில் சான்றிதழ் எழுதியிருக்கிறேன், ஒருவரும் அதைப் படித்து இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அத்தோடு நின்றிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். சென்ற வாரத்துக்கு முந்தைய ஞாயிறு சாயங்காலம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு. கல்யாண மண்டபத்தின் டைனிங் ஹாலில் எண்பது பேர், முன்வரிசையில் வார்டு கவுன்சிலர். நம் வெப்சைட்டைச் சுவரில் பெரிதாகக் காட்டலாம், மாமாவின் சாதனையை ஊர் பார்க்கட்டும் என்று புரொஜெக்டர் வைத்தேன். வெளியே மழை, நெட் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. படம் ஒன்றுகூட வரவில்லை. படம் வரவேண்டிய இடத்திலெல்லாம் வெறும் கட்டம், கட்டத்துக்குள் நான் எழுதிய விவரம். படம் வராவிட்டால் பின்னால் இருப்பது முன்னால் வந்துவிடும் என்று நீ ஏன் சொல்லவில்லை? பின்வரிசைக்குச் சரியாகத் தெரியட்டுமே என்று எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானை வேறு நான் மூன்று தடவை அமுக்கியிருந்தேன். ராஜாராமனின் முடி விவரம் சுவரில் ஜன்னல் உயரத்துக்கு நின்றது.

அப்போதும் தப்பித்திருக்கலாம், பாதிப்பேருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. ஆனால் அமலராணி டீச்சர் நாற்பது வருடம் தமிழ் ஆசிரியை, சுவரில் எழுத்தைக் கண்டால் கணீரென்று வாசித்தே தீரவேண்டும் அவருக்கு. "காதோரத்து முடியை வளர்த்து மேலே படுக்க வைத்திருக்கிறார்" என்று நிறுத்தி நிதானமாக வாசித்துவிட்டு, "ஒற்றுப்பிழை இல்லை" என்றும் பாராட்டினார். கவுன்சிலர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து மருத்துவ முகாம், அடுத்து மண்வெட்டி. சிட்டிபாபு எழுந்து நின்று, "இன்னா அண்ணா இது, ஸ்டிக்கர்லாமா எய்துவாங்க" என்றான். நான் கையில் கிடைத்த பொத்தானையெல்லாம் அமுக்கினேன், எழுத்து இன்னும் பெரிதானதே தவிர ஓயவில்லை.

கடைசியாக வந்தது என்னுடைய படம். பொங்கலன்று நானும் தேவானந்தம் சாரும் திருநீர்மலை அடிவாரத்தில் நின்று எடுத்துக்கொண்டது. படம் வரவில்லை, விவரம் வந்தது. டீச்சர் வாசித்தார்: "கௌரவச் செயலாளர் ஜெயவேலு. நெடிய உருவம். அடர்ந்த கேசம். கம்பீரமான தோற்றம். அங்க அடையாளம் ஏதுமில்லை."

ஹால் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம் என்பதும், என் தலையில் இப்போது எண்ணிவிடக்கூடிய அளவில்தான் முடி இருக்கிறது என்பதும் உனக்குத் தெரியும். "இன்னாபா, யார்பா அந்த ஜெயவேலு, நம்ம நகர்லதான் கீறாரா?" என்று சிட்டிபாபு கேட்டதும் கட்டிடமே சிரித்தது. எல்லோரையும் மச்சம் மாறாமல் எழுதினவன் என் ஒருவனை மட்டும் பொய்யாக எழுதியிருக்கிறேன். ஏன் எழுதினேன் என்று உனக்குச் சொல்லவா? உலகத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டார்கள் குமரவேலு. பார்க்காதவர் அவர் ஒருவர்தான். அவர் ஒருவருக்காவது நான் உயரமாக இருந்துவிட்டுப் போகிறேனே என்று நினைத்தேன். என்னை நம்பித் தோளில் கை வைத்து நடக்கிற மனிதரிடம் இப்படியொரு பொய். அவர் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். என்ன நினைத்தாரோ தெரியவில்லை. நான் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து நடைக்கும் போகவில்லை.

அதற்கப்புறம் நடந்தது இன்னும் மோசம். அவரவர் விவரத்தை அவரவரே எழுதிக் கொடுப்பது என்று தலைவர் தீர்ப்பு சொன்னார். எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் கல்யாணப் பத்திரிகை கணக்காக இருந்தது. ராஜாராமனுக்கு மட்டும் பட்டங்கள், வகித்த பதவிகள், சம்பந்தி வீட்டுப் பெருமை உட்பட இருபத்தொரு வரி. அதைப் பார்த்து மற்றவர்கள் இருபத்திரண்டு வரி கொடுத்தார்கள். நான் அத்தனையையும் அப்படியே ஏற்றினேன். வெப்சைட்டில் படங்கள் மேலே, நோட்டீஸ் கீழே. தேவானந்தம் சாரின் போன் இத்தனை பெருமையையும் வாசித்து முடித்து நோட்டீஸுக்கு வந்துசேரப் பதினான்கு நிமிடம் ஆகிறது. வியாழக்கிழமை அவர் போன் செய்தார், உன் அத்தைதான் எடுத்தாள். "அம்மா, இன்னிக்கு மழை நோட்டீஸ் ஏதாவது இருக்குதா? நான் இன்னும் ராஜாராமன் சாரோட பி.எஸ்சி.யிலயே நிக்கிறேன்" என்றாராம்.

அப்போது ஜெரூஷா பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள், மழை வருகிறது என்று லீவு போட்டு வந்திருக்கிறாள். அதைக் கேட்டதும் டிக்கெட் போட்டுவிட்டாள். வருகிற வியாழக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறாள். வீட்டில் மூட்டை கட்டுகிறார்களாம். இதற்கிடையில் யாருடைய விவரம் நீளம் என்று கமிட்டியில் சண்டை முற்றி, யாருக்குமே வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துவிடு, ரோஜாப்பூ நோட்டீஸே லட்சணமாக இருந்தது என்று நேற்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். படிக்க வேண்டிய ஒருவரும் ஊரை விட்டுப் போகிறார், இனி யாருக்காக எழுதுவது என்று நானும் கையெழுத்துப் போட்டேன். ஆகவே தயவுசெய்து எல்லாவற்றையும் அழித்துவிடு. இதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது இரண்டாவது பொய்.

உன் அம்மா கிளியம்மாள் அக்காவிடம் பேசும்போது இதையெல்லாம் சொல்லிவைக்காதே, அக்கா பல்லாவரம்வரை கேட்கும்படி சிரிப்பாள். வேளைக்குச் சாப்பிடு, ஹெல்மெட் போடு, சீக்கிரம் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள். நோயில்லாமல், மேனேஜர் தொல்லையில்லாமல், நீடூழி வாழ உன் அத்தையும் நானும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உன் மாமன்
ஜெயவேலு
(ராஜினாமா ஏற்கப்படும்வரை) கௌரவச் செயலாளர்

பின்குறிப்பு: புதன்கிழமை மாலை. மேலே எழுதியிருப்பதில் எதையும் செய்யாதே.

நேற்றுக் காலை இதைத் தபாலில் சேர்க்கப் போனேன். ரோட்டில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர், திரும்பிவிட்டேன். பதினோரு மணிக்கு, ஏரியைத் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தது. கமிட்டியில் கேட்டால், ரோஜாப்பூவை நான்கு மூலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறோம், அரை மணி பொறுங்கள் என்றார்கள். ராஜினாமாவை இன்னும் யாரும் ஏற்கவில்லையே என்று நினைவு வந்தது. உட்கார்ந்து, எல்லாப் பெருமைக்கும் மேலே, வெப்சைட்டின் தலைமாட்டில் ஒரே வரி போட்டேன்: "ஏரி திறந்தாயிற்று. மூன்றாம், நான்காம் தெருக்காரர்கள் பகல் இரண்டு மணிக்குள் தலைவர் வீட்டு மாடிக்கு வரவும்." மதிப்பிற்குரிய என்றுகூடப் போடவில்லை.

தேவானந்தம் சாரின் போன் அதை அந்த நிமிடமே படித்துவிட்டது. அவரும் ஜெரூஷாவும் பையோடு வாசலுக்கு வந்தால், எதிரே சிட்டிபாபு தன் குடோனில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறான். அவன் போன் தண்ணீரில் விழுந்து கண்ணாடி கறுத்துவிட்டது. டெம்போ டிரைவரைக் கூப்பிட வேண்டும், உள்ளே நடக்க முடியாத அம்மாவைத் தூக்க ஆள் வேண்டும், நம்பரெல்லாம் அந்தக் கறுப்புக்குள் இருக்கிறது. "ஒண்ணுமே தெர்ல சார்" என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறான். "எனக்கு என்னிக்குடா தெரிஞ்சுது? இப்படிக் குடு" என்று தேவானந்தம் சார் போனை வாங்கி, பக்கத்துப் பொத்தான் இரண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடித்திருக்கிறார். அவர் போனில் படித்துக் காட்டும் அதே குரல் எல்லாப் போனிலும் உண்டாம், சிட்டிபாபுவின் போனும் பேச ஆரம்பித்துவிட்டது. கறுத்த கண்ணாடியில் விரலை ஓட்டி ஓட்டி, அது சொல்லச் சொல்லக் கேட்டு, டிரைவருக்கு ஒன்று, கேன் போடும் பையன்களுக்கு ஒன்று என்று லைன் போட்டுக் கொடுத்தாராம். முப்பது வருடம் வங்கியில் செய்த அதே வேலை. ஒரு மணிக்கெல்லாம் சிட்டிபாபுவின் அம்மா நாற்காலியோடு தலைவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டேகாலுக்குத் தெருவில் ஆற்றுத் தண்ணீர் ஏறியது. ரோஜாப்பூ நோட்டீஸ் இரண்டரைக்கு வந்தது.

மாடியில் சிட்டிபாபு என்னிடம் வந்து, "அண்ணா, அந்த எய்த்தையெல்லாம் எட்த்துடாதீங்க. நாளைக்கி யாருக்கு இன்னா ஆவுமோ. காலீல அந்த மண்வெட்டியாலதான் வூட்டாண்ட கால்வா வெட்டிக்கினு இருந்தேன், ஸ்டிக்கரு பூட்ச்சி. அத்த மட்டும் மாத்திடுங்க" என்றான். மாற்றிவிடு. பட்டங்களையெல்லாம் எடுத்துவிட்டு என் பழைய விவரங்களைப் போடு, நோட்டீஸ் எப்போதும் மேலே இருக்கட்டும். ராஜாராமன் சாரின் முடி விவரம் மட்டும் வேண்டாம், நேற்று அறுபது பேருக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு.

ஜெரூஷா இன்று காலை வந்து, "நான் நாளைக்குக் கிளம்பறேன் அங்கிள். அப்பா வரலை" என்றாள். எனக்கு அதற்குமேல் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

பிறகுதான் தைரியம் வந்து அவரிடம் போனேன். "சார், அந்தக் கம்பீரம் விஷயம்" என்று ஆரம்பித்தேன். அவர் எழுந்து வழக்கம்போல் என் தோளில் கையை வைத்துக்கொண்டு, "பதினோரு வருஷமா இங்கதானே சார் கை வெச்சிருக்கேன். உங்க கம்பீரம் எந்த உயரத்துல இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ஹால்ல சிரிப்பை அடக்க முடியாமத்தான் குனிஞ்சிட்டிருந்தேன்" என்றார்.

மூன்று தாள் மணியான கையெழுத்தைக் கிழிக்க மனசு வரவில்லை, ஆகவே இப்படியே அனுப்புகிறேன். அந்தப் பொங்கல் படத்துக்கு மட்டும் விவரத்தை இப்படி மாற்று, எழுத்துப் பிசகாமல்: "செயலாளர் ஜெயவேலு. குள்ளமானவர். வழுக்கை. அங்க அடையாளம்: (1) இடது புருவத்தில் தழும்பு. (2) வலது தோளில் தேவானந்தம் சாரின் கை."